அடித்து எழுதிய விலை

ஆடி பிறக்க நாலைந்து நாள் இருக்கும்போதே திருச்சிப் பதிப்பு நாளிதழ்களில் செய்தி உள்பக்கத்துக்குப் போய்விடும். முதல் பக்கம் முழுக்க ஜவுளிக்கடை, திருப்பினால் பாத்திரக்கடை. 50% என்ற எண் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். அதன் ஓரத்தில் 'வரை' என்று இருக்கிறதா என்று பார்க்க எனக்கு மூக்குக் கண்ணாடி வேண்டும். என் மனைவிக்கு வேண்டாம். அவள் அந்தச் சொல்லைத் தேடுவதே இல்லை.

சின்னக் கடைத்தெருப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. முதலாளியின் பிள்ளைகள் இப்போது அதை நடத்துகிறார்கள். தீபாவளிக்கு எனக்கு இன்னும் வேட்டி சட்டை வருகிறது. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆடியைப் பார்த்தவன் என்பதால், தள்ளுபடி என்றாலே ஏமாற்று என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. வாங்கியதையெல்லாம் லாபம் என்று சொல்கிறவர்களோடும் ஒத்துப்போவதில்லை. இரண்டு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: குறைத்தார்களே, அந்தப் பணத்தை யார் ஏற்றுக்கொண்டார்கள்? யாரோ ஒருவருடைய பேரேட்டில் அது பற்றாகத் தெரிந்தாக வேண்டும். எங்கேயும் தெரியவில்லை என்றால் குறைக்கவே இல்லை என்று பொருள்.

ஆடியில் கடைக்காரருக்கு வேறு வழி இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் கிடையாது, முகூர்த்தப் பட்டு நகராது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். டெல்டாவில் ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற குடியானவர் கையில் உள்ளதை விதைக்கும் உரத்துக்கும் கொடுத்துவிட்டுத் துணிக்கடைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். ஆனால் வாடகை, மின்கட்டணம், விற்பனைப் பிள்ளைகளின் சம்பளம் எதுவும் ஆடிக்காக நிற்பதில்லை. இதற்கிடையில் ஆவணி முகூர்த்தங்களுக்கும் தீபாவளிக்கும் சூரத்திலிருந்தும் இளம்பிள்ளையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பேல் பேலாகச் சரக்கு இறங்கத் தொடங்கிவிடும். கிடங்கில் இடம் வேண்டும், கொள்முதலுக்குப் பணம் வேண்டும். பழையதைத் தள்ளினால்தான் இரண்டும் கிடைக்கும்.

எது பழையது என்று கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. விலைச்சீட்டின் ஓரத்தில் நாலைந்து எழுத்துகள் இருக்கும். பார்க்கிறவர்கள் ஏதோ சரக்கு எண் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது கொள்முதல் விலை. ஒன்றுக்கொன்று வேறான பத்து எழுத்துகள் கொண்ட ஒரு சொற்றொடரை வைத்துக்கொள்வார்கள். முதல் எழுத்து 1, இரண்டாவது 2, பத்தாவது எழுத்து சுழியம். பழைய ஜவுளிக்கடைகள் பலவற்றில் இந்த வழக்கம் உண்டு. கடைக்குக் கடை சொல் மாறும். கணினி ரசீது வந்த பிறகும் எங்கள் முதலாளி இதை விடவில்லை. எங்கள் குறிச்சொல் என்ன என்று கேட்காதீர்கள், வேட்டி சட்டை நின்றுவிடும். அதே சீட்டில், சரக்கு எந்த மாதம் உள்ளே வந்தது என்பதற்கும் ஒரு குறி இருக்கும். ஆனி கடைசி வாரத்தில் மேலாளர் ஒவ்வொரு அடுக்காக அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே போவார். இரண்டு தீபாவளி கண்ட புடவை என்றால் கொள்முதல் விலைக்குக் கீழேயும் போடச் சொல்வார். வங்கிக்கு வட்டி கட்டி, அலமாரியில் இடம் கொடுத்து, அந்துருண்டை போட்டுக் காத்த சரக்கு அது. நஷ்டத்துக்குப் போனாலும் முதலாளிக்கு நிம்மதி. இந்தத் தள்ளுபடியைச் சுமப்பது கடை. எடுத்தவருக்கு உண்மையான லாபம், அந்த நிறத்தைக் கட்டிக்கொள்ள மனம் வந்தால்.

ஆனால் பழைய சரக்கு எத்தனை நாளுக்கு வரும்? முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். மாதம் முழுக்கக் கூட்டம் வேண்டுமே. அதற்காக வைகாசியிலேயே தனியாகச் சரக்கு சொல்லிவிடுவார்கள். ஆடிச் சரக்கு என்றே கொள்முதல் புத்தகத்தில் எழுதுவேன். ஊடை, அதாவது குறுக்கு நூல், கொஞ்சம் இளக்கமாக இருக்கும், சட்டையின் உள்தையல் ஒற்றையாக இருக்கும், பொத்தான் ஒன்று குறையும். வந்து இறங்கியதும் விலைச்சீட்டு ஒட்டிவிடுவார்கள். வரியை விட்டுவிட்டு உருண்டைக் கணக்காகச் சொல்கிறேன்: 260 ரூபாய்க்கு வாங்கிய சட்டை சாதாரண நாளில் 390-க்குப் போகும். ஆடிச் சட்டையின் சீட்டில் 799 இருக்கும். பாதி விலை என்றால் 399 ரூபாய் 50 காசு. சாதாரண நாளை விடக் கடைக்கு ஒன்பதரை ரூபாய் கூடுதல். வாங்கியவர் நானூறு ரூபாய் மிச்சம் என்று வீட்டில் சொல்வார். அந்த நானூறு என் பேரேட்டின் எந்தப் பக்கத்திலும் இருந்ததில்லை.

இது சட்டவிரோதமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்றால் குற்றம். அந்த விலையை எவ்வளவு உயரத்தில் அச்சிடலாம் என்பதற்கு, மருந்து போன்ற சிலவற்றைத் தவிர, வரம்பு கிடையாது. வாடிக்கையாளரைக் காப்பாற்ற வந்த எண்தான் அது. 799-ஐ அடித்துவிட்டு 399 என்று எழுதும்போது அதே எண் கடைக்கு வேலை செய்கிறது.

அடித்த விலை கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதில் எங்கள் மேலாளர் குறியாக இருப்பார். புதுச் சீட்டைப் பழைய சீட்டின் மேல் முழுதாக ஒட்ட விடமாட்டார். கொஞ்சம் சாய்த்து ஒட்ட வேண்டும், அடியில் பழைய எண் எட்டிப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் நகத்தால் சுரண்டிப் பார்த்து, தானாகவே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டும். அதைவிட எனக்கு வியப்பாக இருந்தது குவியல். நிறுவனத்திலிருந்து சட்டைகள் அட்டை வைத்து, ஊசி குத்தி, உறை போட்டு அழகாக வரும். காலையில் கடை திறப்பதற்கு முன் இரண்டு பையன்கள் தரையில் உட்கார்ந்து அந்த உறையைப் பிரித்து, ஊசியை எடுத்து, அட்டையை உருவி, மடிப்பைக் கலைத்து, வாசல் மேசையில் கொட்டுவார்கள். கொட்டிய பிறகு ஒருமுறை இரண்டு கையாலும் கிளறிவிடுவார்கள். அடுக்கி வைத்தால் அது விற்பனைக்கு வைத்த சரக்கு. கிளறி வைத்தால் நமக்கு முன்னே நூறு பேர் அள்ளிப் போய் மிஞ்சியது. அந்த மேசையில் கை விட்டவர் வெறுங்கையோடு எடுத்து நான் பார்த்தது அபூர்வம். உருவிய அட்டைகளின் பின்பக்கத்தில்தான் நான் கூட்டல் போடுவேன்.

வரியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதைச் சொன்னால் படித்தவர்களே நம்புவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடை ஒன்றின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை என்றால் ஜி.எஸ்.டி. 5%, அதற்கு மேல் போனால் 18%. வரி உட்பட 3,000 ரூபாய் என்று சீட்டு உள்ள ஆடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கடைக்கு உரியது 2,542 சொச்சம், வரி 458-க்குக் கொஞ்சம் குறைவு. அதையே 380 ரூபாய் தள்ளி 2,620-க்குக் கொடுத்தால், கடைக்கு 2,495, வரி 125. அதாவது 380 ரூபாயில் கடை தன் கையிலிருந்து விட்டது 47 ரூபாய். மீதியை விட்டது வரிப்பெட்டி. 'எங்கள் அன்புப் பரிசு' என்று பலகையில் எழுதியிருப்பார்கள். இதில் தவறொன்றும் இல்லை, வாங்குகிறவருக்கு 380 குறைந்தது உண்மைதான். யார் ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்காதவரை அன்பு கடையுடையதாக இருக்கும்.

இவ்வளவு தெரிந்தவன் வீட்டில் பீரோ காலியாக இருக்கும் என்று நினைத்தால் அது உங்கள் அப்பாவித்தனம். கணக்கு தெரிந்ததால் ஆசை போவதில்லை. ஆசையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். மலிவாக வாங்க வேண்டும் என்பதைவிட, அடுத்தவர் கொடுத்ததைவிடக் கூட ஒரு ரூபாய் கொடுத்து ஏமாந்துவிடக் கூடாது என்பதுதான் நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிது. அந்த ரோஷத்துக்கு முன்பெல்லாம் ஒரு வடிகால் இருந்தது. அதற்குப் பெயர் பேரம்.

என் தாயார் பேரம் பேசிப் பார்க்க வேண்டும். கடைக்குப் போகும் முன்பே எது வேண்டும் என்று முடிவாகியிருக்கும்: நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து, அரக்கு நிறத்தில் சுங்குடி, இவ்வளவு ரூபாய்க்குள். கடையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பத்துப் புடவையைப் பிரிக்கச் சொல்வார். விலை கேட்பார். உதட்டைப் பிதுக்குவார். தன் விலையைச் சொல்வார். கடைக்காரர் சிரிப்பார். தாயார் எழுந்துவிடுவார். வாசற்படியில் ஒரு செருப்பு காலில் மாட்டியிருக்கும், இன்னொன்றை மாட்டாமல் காலால் துழாவிக்கொண்டே இருப்பார். அந்த இரண்டாவது செருப்புக்குள் கால் போவதற்குள் உள்ளேயிருந்து குரல் வர வேண்டும்: "வாருங்கள் அம்மா, காலை நேரம், முதல் போணி, உங்களுக்காகத் தருகிறேன்." வராவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார், அதில் அவமானம் இல்லை, நஷ்டமும் இல்லை.

பிறகு கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வந்தன, பட்டைக்குறி (பார்கோடு) வந்தது, 'ஒரே விலை, பேரம் இல்லை' என்ற பலகை வந்தது. கணக்கு எழுதுகிறவனுக்கு அது சொர்க்கம். ஒரே சரக்குக்கு ஒன்பது விலை எழுத வேண்டியதில்லை. ஆனால் வாங்குகிறவர் ஜெயிப்பதற்கு அங்கே எதுவும் இல்லாமல் போய்விட்டது. ஆடித் தள்ளுபடி அந்த ஜெயத்தைத் தயார் நிலையில் கட்டிக் கொடுக்கிறது. பேசவே வேண்டாம், எழவே வேண்டாம். 799 என்று கடைக்காரர் சொன்னதும் 399 என்று நாம் சொன்னதும் இரண்டையும் அவரே அச்சடித்து வைத்திருக்கிறார். நாம் ஜெயித்தவர்களாக வெளியே வருகிறோம்.

இதில் ஒன்று மட்டும் தலைகீழாகிவிட்டது. பேரத்தில் பொருள் முதலில், விலை பிறகு. தாயார் அரக்குச் சுங்குடிக்காகத்தான் சண்டை போட்டார். கடைக்காரர் எவ்வளவு குறைத்தாலும் பச்சைப் பூனம் புடவையை வாங்கிக்கொண்டு வந்திருக்க மாட்டார். தள்ளுபடியில் விலை முதலில் வந்து நிற்கிறது. அந்த விலைக்கு ஒரு பொருளை நாம் தேடுகிறோம். பாதி விலை மேசையைப் பார்த்த பிறகுதான் வீட்டில் யாருக்குச் சட்டை இல்லை என்று யோசிக்கத் தொடங்குகிறோம். எல்லோருக்கும் இருக்கிறது என்றால் அளவு மாறிய ஒருவர் நிச்சயம் நினைவுக்கு வருவார்.

இது நம் ஊர்க் குணம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைத்தொடருக்கு, ஆப்பிள் கடைகளை நடத்திப் புகழ்பெற்ற ரான் ஜான்சன் தலைமை ஏற்றார். விலையை ஏற்றி எழுதிப் பிறகு குறைப்பது என்ன விளையாட்டு என்று 2012-இல் கூப்பனையும் அடிக்கடி வரும் தள்ளுபடியையும் நிறுத்திவிட்டு, எல்லா நாளும் நியாய விலை என்று அறிவித்தார். அந்த ஓர் ஆண்டில் விற்பனை ஏறக்குறைய கால் பங்கு விழுந்தது. 2013 ஏப்ரலில் அவரை அனுப்பிவிட்டார்கள், கூப்பன் திரும்பி வந்தது. பொருளால் கிடைக்கும் பயன் வேறு, 'நல்ல விலைக்கு முடித்தோம்' என்ற மகிழ்ச்சியால் கிடைக்கும் பயன் வேறு என்று பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985-லேயே எழுதியிருக்கிறார். 2017-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் மேலாளர் பத்தாம் வகுப்பு. சீட்டைச் சாய்த்து ஒட்டச் சொன்னவர் அவர்.

பயன் என்றதும் எனக்கு ரவிக்கைத் துணிதான் நினைவுக்கு வரும். ஆடி வெள்ளி, வரலட்சுமி விரதம், பிறகு நவராத்திரி என்று வரிசையாகத் தாம்பூலம் கொடுக்க வேண்டிய காலம். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு ஒரு ரவிக்கைத் துணி. ஆடியில் டஜன் கணக்கில் மலிவாகக் கிடைக்கும், பெண்கள் டஜன் கணக்கில் எடுப்பார்கள். அதைத் தைத்து யாரும் போட்டுக்கொள்வதில்லை. 80 சென்டிமீட்டரில் இக்காலத்து ரவிக்கை முழங்கை வரைக்கும் வராது, சாயமும் நிற்காது. எல்லோருக்கும் இது தெரியும். ஆகவே வாங்கியவர் பத்திரமாக மடித்து வைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார், அவர் அதற்கடுத்த வீட்டுக்கு. எங்கள் கடையில் சாயம் போகிறது, அளவு குறைகிறது என்று ஒருமுறைகூடத் திரும்பி வராத சரக்கு அது ஒன்றுதான். யாராவது நனைத்தால் அல்லவா சாயம் போகும்?

என் மனைவி இந்தக் கேலியை ஒப்புக்கொள்ள மாட்டாள். அவளுடைய பீரோவின் கீழ்த்தட்டில் போர்வை, துண்டு, எவர்சில்வர் சம்படம், குழந்தைச் சட்டை எல்லாம் தள்ளுபடியில் வந்தவை. தேவையா என்று கேட்டால், "யாருக்குத் தேவை என்று ஜனவரியில் தெரியும்" என்பாள். புதுமனை புகுவிழா, பிள்ளை பெற்ற வீடு, மஞ்சள் நீராட்டு, மருத்துவமனையிலிருந்து திரும்பியவரைப் பார்க்கப் போவது என்று எதற்கும் வெறுங்கையோடு போகிற குடும்பம் இல்லை எங்களுடையது. அவசரத்துக்கு ஓடினால் முழு விலை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் தேவை என்பது நம் உடம்போடு முடிவதில்லை. கொடுக்க வேண்டியதும் தேவைதான். தேவை இல்லாததை வாங்காதே என்று இரண்டு வரியில் உபதேசம் செய்கிறவர்களுக்கு நாத்தனார் கிடையாது என்று நினைக்கிறேன்.

அந்தக் கீழ்த்தட்டில் இருக்கும் போர்வைகளில் பல கோ-ஆப்டெக்ஸில் எடுத்தவை. 1935-இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு நிறுவனம். தீபாவளிக்கு 30% தள்ளுபடி வரும், அரசு ஊழியர்களுக்கு வட்டியில்லாத் தவணை உண்டு. காந்தி ஜெயந்தியை ஒட்டிக் கதருக்கும் தள்ளுபடி வரும். கைத்தறித் தள்ளுபடியில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. யார் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது வரவுசெலவுத் திட்டத்திலேயே இருக்கிறது. சங்கத்தில் போர்வை தேங்கினால் நெசவாளருக்குத் தறியில் ஏற்ற அடுத்த பாவு நூல் கிடைக்காது, கூலி கிடைக்காது. அதனால் இந்த ஒரு தள்ளுபடிக்கு மட்டும் நானே பையை எடுத்துக்கொண்டு முன்னால் போவேன். மனைவி பின்னால் வருவாள். ஒரு சென்னிமலைப் போர்வை எடுக்கப் போய் மூன்றோடு திரும்பினால் அதற்கு நெசவாளர் நலன் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மைத்துனன் தஞ்சாவூரில் இருக்கிறான். அவனுக்குக் கடைத்தெருவே தேவையில்லை, கைப்பேசி போதும். போன ஆண்டு ஐப்பசியில் இரவு பன்னிரண்டு மணிக்கு அழைத்தான். உயர் அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் காரைக் கழுவும் இயந்திரம், 14,000 ரூபாய்ப் பொருள் 5,000-க்கு, இன்னும் ஏழு நிமிடம்தான். "ஒன்பதாயிரம் லாபம் அத்தான்" என்றான். அவனிடம் இருப்பது ஸ்கூட்டர். லாபம் என்றால் வரவுப் பக்கம் எழுத வேண்டும், உன் வங்கிப் புத்தகத்தில் 9,000 வரவு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஐயாயிரம் பற்றுதானே இருக்கிறது. அதற்குள் நிமிடங்கள் ஓடிவிட்டன, வாங்கிவிட்டான். மறுநாள் காலையில் பார்த்தபோதும் அதே விலை, அதே கடிகாரம் முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்ததாம். இயந்திரம் நன்றாகவே வேலை செய்தது. முதல் நாள் முற்றத்தைக் கழுவுகிறேன் என்று அவன் மனைவி போட்ட இழைக்கோலத்தையும் திண்ணையின் காவியையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டது. இப்போது அதன் மேல் அரிசி மூட்டை இருக்கிறது.

கடைத்தெருவில் கிளறி வைத்த மேசை செய்கிற வேலையைத்தான் அந்தக் கடிகாரம் செய்கிறது. ஆனால் மேசையை விட்டு நடந்தால் அது பின்னால் வராது. கைப்பேசி படுக்கைக்கே வருகிறது. 'உங்கள் கூடையில் ஒரு பொருள் காத்திருக்கிறது' என்று விடியற்காலையில் எழுப்புகிறது. இலவசமாக அனுப்ப இன்னும் 140 ரூபாய்க்கு ஏதாவது சேர்க்கச் சொல்கிறது. அனுப்பும் கூலி 40 ரூபாய் என்பது அந்த நேரத்தில் மறந்துபோகும். வேண்டாம் என்றால் 'எனக்குச் சேமிக்க விருப்பமில்லை' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். 2023 நவம்பர் 30-ஆம் நாள் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. பொய் அவசரம் காட்டுவது, கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. படித்தபோது எங்கள் மேலாளர் கண்ணில் வந்து போனார். அவர் கிளறி வைத்த மேசை பட்டியலில் இல்லை. அது கைப்பேசிக்குள் வராததால் தப்பித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறொரு விதி இருக்கிறது. 2022 மே 28 முதல், ஒரு கடை விலையைக் குறைத்திருக்கிறேன் என்று விளம்பரம் செய்தால், அதற்கு முந்திய 30 நாளில் அந்தப் பொருளை விற்ற மிகக் குறைந்த விலை எதுவோ அதைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். ஏற்றி இறக்குகிற விளையாட்டுக்கு இது நல்ல பூட்டு என்று எனக்குப் பட்டது. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"எத்தனை நாள் என்று சொன்னீர்கள்?"

"முப்பது."

"அப்படியானால் முப்பத்தோராம் நாள் ஏற்றி வைப்பார்கள்."

நான் விரலை மடக்கிப் பார்த்தேன். ஆடிச் சரக்குக்கு எங்கள் கடையில் சீட்டு ஒட்டியது வைகாசியில். நடுவில் ஆனி முழுக்கக் கிடக்கிறது. 799 என்ற விலையில் அது அலமாரியில் சும்மா இருந்திருக்கும், யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள், ஐரோப்பாவிலும் எங்கள் முதலாளி மாட்டியிருக்க மாட்டார்.

"வெள்ளிக்கிழமை சின்னக் கடைத்தெருப் பக்கம் போக வேண்டும்" என்றாள் அவள். "உங்கள் பழைய கடையில் பாதி விலை என்று போட்டிருக்கிறான்."